புத்தூர்த் தண்ணீரில் ஒரு கூழ்

புத்தூருக்குக் கிட்ட, நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஒரு எலுமிச்சம்பழத்தை அதில் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பதும், வானரப் படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று அது என்பதும் கூடவே வரும் கதைகள். கிணற்றுக்கு அடி உண்டு. இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட், 1859இல் வெளியான தமது நூலில் இதன் ஆழத்தை 140 அடிக்கு மேல் என்று எழுதினார். அதைவிட முக்கியமான ஒன்றையும் குறித்து வைத்தார்: மேலே நல்ல தண்ணீர், இறங்க இறங்கச் சவர், அடியில் கடும் உப்பு. உப்புச் சுவையின் எல்லாப் படிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் இயற்கைக் கிணறு எத்தனை ஊருக்கு வாய்க்கும்? உணவை நாம் எப்படி உணர்கிறோம் என்று எழுத உட்கார்ந்தபோது எனக்கு இதைவிட்டு வேறெங்கும் தொடங்கத் தோன்றவில்லை.

உப்பு அடியில் கிடப்பதற்குக் காரணம் கல். புத்தூரை உள்ளடக்கிய வலிகாமம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. துளையும் வெடிப்பும் குகையுமாக இருக்கும் கல் அது. மாரி மழை செம்மண்ணால் வடிந்து அதற்குள் இறங்கி, அங்கே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும். அந்த ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் உப்பு நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கும் புத்தூர்க் கமக்காரருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, “சவர் தட்டுது” என்று சொல்லிவிடுவார்.

அவருடைய நாக்கு சாதாரணக் கருவி அல்ல. கடல்நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. குடிநீரில் குளோரைட்டு லீட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வந்தாலே சுவை தெரியத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொரு விசித்திரமும் உண்டு. கொஞ்ச உப்பு நமக்குப் பிடிக்கும், கூடிய உப்பைத் துப்புவோம். ஒரே பொருளுக்கு இரண்டு எதிர்வினை எப்படி வரும்? எலிகளில் 2010இலும் 2013இலும் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை சொல்லின. குறைந்த உப்பை உணர்ந்து ‘வேண்டும்’ என்று சொல்லவென்று சில கலங்கள் இருக்கின்றன. உப்பு ஓர் அளவைத் தாண்டும்போது, கைப்பையும் புளிப்பையும் அறியும் கலங்களும் சேர்ந்து சத்தம் போடத் தொடங்குகின்றன. கடல்நீர் வாயில் பட்டதும் முகம் சுளிக்கிறதே, அதில் உப்பின் பங்கு பாதிதான். மிச்சம் ஆபத்துக்கு அடிக்கும் மணி.

இந்த மணி எல்லாவற்றுக்கும் அடிக்காது. பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் நைத்திரேற்று, வலிகாமத்தின் பல கிணறுகளில் லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த அளவில் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நம் முன்னோர் கூர்ப்படைந்த காலத்தில் யாரும் யூரியா போடவில்லை. ஆகவே அதைக் கண்டுபிடிக்கும் உறுப்பு நமக்கு வாய்க்கவுமில்லை. நல்ல தண்ணீர் என்று நாக்கு சொன்னால் அது உப்பைப் பற்றி மட்டுமே சொல்லும் சாட்சி.

சுண்ணாம்பின் கதை வேறு. கல்சியம் கூடிய தண்ணீரில் பருப்பு அவிய நேரம் எடுக்கும். தேத்தண்ணீர் கறுத்து, ஆறும்போது மேலே மெல்லிய ஆடை ஒன்று படியும். வெளியூரில் இருந்து வருபவர் அந்தக் கோப்பையைச் சந்தேகத்தோடு பார்ப்பார். ஊர்க்காரருக்கு அதுதான் தேத்தண்ணீர். நாக்கு எப்போதும் உமிழ்நீரில் ஊறிக்கொண்டே இருப்பதால், உமிழ்நீரில் உள்ள உப்பை அது உப்பென்று கணக்கில் எடுப்பதில்லை. அதைவிடக் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். வடித்தெடுத்த தூய நீரைச் சப்பென்றோ சற்றுக் கசப்பாகவோ பலர் உணர்வது இதனால்தான். புலம்பெயர்ந்தவர்களில் ஒஸ்லோவுக்குப் போனவருக்கு ஏரியிலிருந்து வரும் மென்னீர் கிடைத்தது. லண்டனுக்குப் போனவர் அதிலும் அதிர்ஷ்டசாலி: அந்த நகரத்துத் தண்ணீரும் சுண்ணாம்புப் பாறை வழியே வரும் வன்னீர்தான். கேத்திலில் வெள்ளைப் படிவைக் கண்டு ஊர் ஞாபகம் வந்தால் அதில் புவியியல் நியாயம் இருக்கிறது.

இனி அடுப்பில் பானையை வைக்கலாம். ஒடியற்கூழ் யாழ்ப்பாணத்தின் அடையாளச் சாப்பாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஓர் ஆய்வுகூடமாகவும் தெரிகிறது. நண்டு, இறால், கணவாய், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கை இலை, கைப்பிடி அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. கடைசியில், எல்லாவற்றையும் பிடித்துக் கட்ட, ஒடியல் மா. ஐந்து புலன்களில் எதுவும் இந்தப் பானையைச் சுற்றிப் போக முடியாது.

ஒடியலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது கைக்கும். பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டு முளைக்கவிட்டுக் கிண்டிய கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவைக் கூழுக்கு எடுக்கும்போது தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து ஊற்றுவார்கள். கைப்பில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். பனையோடு வாழ்வதென்றால் கைப்போடு பேரம் பேசுவது. பனம்பழக் களியும் கைப்புத்தான். அதற்குக் காரணம் சப்போனின் வகைச் சேர்வைகள். பனையின் தாவரவியல் பெயரை ஒட்டியே அவற்றுக்கு பிளபெல்லிபெரின் என்று பெயர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கைப்பை அறிவதற்கு மனிதனிடம் ஏறத்தாழ 25 வகை வாங்கிகள் இருக்கின்றன. இனிப்புக்கு ஒரு சோடி போதுமாக இருக்கும்போது கைப்புக்கு ஏன் இத்தனை? தாவரங்கள் தங்களைக் காப்பாற்றத் தயாரிக்கும் நஞ்சுகள் பலவிதம். அவற்றில் எது கறிச்சட்டிக்குள் வந்தாலும் தெரிய வேண்டும். இந்த வாங்கிகள் ஆளுக்காள் வேறுபடும். 1931இல் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஆதர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் ஒரு தூளைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாய் கைக்கிறது என்றார். பொக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்கான மரபணுவை 2003இல் கண்டுபிடித்தார்கள். ஒடியலில் இருப்பது வேறு மூலக்கூறுகள்தான். ஆனாலும் ஒரே பானைக் கூழை ஒரே வீட்டுச் சகோதரர் இருவர் ஒரே அளவு கைப்பாக உணர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்தத் தூள் சொல்லித் தந்தது.

ஊறவைத்த பிறகும் மாவில் கொஞ்சம் கைப்பு மிஞ்சும். அதை அடக்குவது உப்பு. பிரெஸ்லின், போஷாம் என்ற இரு ஆய்வாளர் 1997இல் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். கைப்பும் இனிப்பும் கலந்த நீரில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கைப்பு அமுங்கியது. கைப்பு அமுங்கியதால், அதுவரை அதற்கடியில் கிடந்த இனிப்பு மேலே வந்தது. உப்பு ‘சுவையைக் கூட்டுகிறது’ என்று சமையற்காரர் சொல்வதில் பாதி, அது ஒரு தொல்லையை வாயடைக்கச் செய்கிறது என்பதே. உப்புக் குறைந்த கூழ் வெறும் சப்பென்று மட்டும் இருப்பதில்லை, கைக்கவும் கைக்கும். கிணற்றில் மணியடித்த அதே உப்பு பானையில் சமாதானத் தூதர்.

நண்டும் இறாலும் கொண்டுவருவது வேறு. தோக்கியோவில் கிகுனே இகேடா என்ற இரசாயனவியலாளர் 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுத்தமேற்றைப் பிரித்து, நான்கு சுவைகளுக்குள் அடங்காத ஒன்று இது என்றார். அவர் வைத்த பெயர் உமாமி. மேற்குலகம் அதை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எடுத்தது. வாங்கி கண்டுபிடிக்கப்பட்டது 2002இல். குளுத்தமேற்றோடு, மீனிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினேற்று போன்ற பொருள்கள் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். மீன், இறால், நண்டு என்று மூன்று நான்கு கடலுணவுகளை ஒரே பானையில் போடச் சொன்னவருக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்றை மட்டும் போட்டால் கூழ் ‘எடுபடாது’ என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாக்கைப் பற்றி ஒரு பழைய பொய்யையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கைப்பு என்று பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் கீறிய படம் தவறு. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மனியர் நாக்கின் ஓரங்களில் உணர்திறன் சற்றுக் கூடிக் குறைவதை அளந்தார். 1942இல் எட்வின் போரிங் தமது நூலில் அதை வரைபடமாக்கிய விதத்தில், அந்தச் சிறு வேறுபாடு பெரிய எல்லைக்கோடாகிவிட்டது. சுவை அரும்புகள் உள்ள எந்த இடமும் எல்லாச் சுவையையும் அறியும். ஒரு உப்புக்கல்லை நுனி நாக்கில் வைத்தாலே போதும், படம் பொய்த்துவிடும்.

நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பும் துவர்ப்பும் இருக்கின்றன. இன்றைய உடலியங்கியல் இரண்டையும் சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. துவர்ப்பு தொடுகை: பாக்கிலோ கடுந்தேயிலையிலோ உள்ள தனின்கள் உமிழ்நீரின் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுவதால் வாய் உராய்கிறது. கார்ப்பு சூடு. மிளகாயின் கப்சைசின், தோலில் சூட்டை அறியும் வாங்கி ஒன்றைத் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் அதைக் கண்டுபிடித்து, 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த வாங்கி சாதாரணமாக ஏறத்தாழ 43 பாகை செல்சியசில் திறக்கும். கப்சைசின் இருந்தால் அதற்குக் குறைந்த சூட்டிலேயே திறக்கும். கூழை ஆறவிட்டுக் குடித்தால் உறைப்புக் குறைவதும், கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் மூக்கும் கண்ணும் ஓடுவதும் இதனால்தான். சுவை அல்ல என்று தள்ளிவைத்தாலும் இலையில் இருந்து அவற்றைத் தள்ளிவைக்க யாராலும் முடியாது. சாப்பிடுபவரின் பக்கமிருந்து எண்ணியவர்கள் ஆறு என்றார்கள், நரம்பின் பக்கமிருந்து எண்ணியவர்கள் ஐந்து என்கிறார்கள். எனக்கு முதற்கணக்கில் குறை தெரியவில்லை.

மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசர் காலத்தில் வந்தது. புத்தூரின் செம்மண்ணில் அது பணப்பயிராக வேரூன்றிவிட்ட பிறகு, அதற்கு முந்திய கூழ் மிளகோடு எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பவர் குறைவு. ஆனால் இவ்வளவு உறைப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மாவும் ஒரு காரணம். திரவம் தடிக்கத் தடிக்க உப்பும் புளியும் மணமும் அதிலிருந்து விடுபட்டு வாய்க்கு வந்து சேர்வது குறையும். மெல்லிய ரசத்துக்குப் போதுமான புளி, தடித்த கூழில் காணாமல் போகும். கூழ்ப் பானைக்குள் புளியும் மிளகாயும் வாரி விழுவது வீரத்துக்காக மட்டும் அல்ல.

இத்தனைக்கும் பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தால் கூழ் என்று ஒன்று இராது. உப்பும் புளிப்பும் உறைப்பும் உள்ள தடித்த சூட்டுத் தண்ணீர் இருக்கும். நண்டு எங்கே, வறுத்த மணம் எங்கே? தடிமன் பிடித்த நாளில் எல்லோரும் செய்து பார்த்த பரிசோதனை இது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். அது முன்வாசலால் வருவதில்லை. மெல்லும்போதும் விழுங்கியபின் மூச்சு விடும்போதும் வாயிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்பக்கத்தால் மூக்குக்கு ஏறுகிறது. மூளை அதை வாய்க்குள் நடப்பதாகவே காட்டுகிறது. பனம்பழக் களியைக் காயவிட்டு எடுத்த பனாட்டுத் துண்டு ஒன்றை மூக்கைப் பிடித்தபடி மென்று, பாதியில் கையை எடுத்துப் பாருங்கள். அதுவரை வெறும் இனிப்பும் கொஞ்சக் கைப்புமாக இருந்தது, அந்த நொடியில் பனம்பழமாகும்.

அமெரிக்க உளவியலாளர் போல் றோசின் 1982இல் இந்த இருவழி மணத்தைப் பற்றி எழுதினார். முகரும்போது பிடிக்காத பொருள் வாய்க்குள் பிடித்துப்போவது ஏன் என்பதற்கு அது வழிகாட்டியது. கருவாடு பொரியும் மணத்துக்கு யன்னலைச் சாத்துபவரே அதைச் சோற்றோடு பிசைந்து உண்பதை நாம் பார்த்திருக்கிறோம். லிண்டா பக், றிச்சர்ட் அக்செல் இருவரும் 1991இல் மண வாங்கிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம்மில் வேலை செய்பவை ஏறத்தாழ 400. ஒரு மூலக்கூறு பல வாங்கிகளைத் தொடும், ஒரு வாங்கி பல மூலக்கூறுகளை ஏற்கும். யாழ்ப்பாணத்துத் தூள் பச்சையாக அரைபடுவதில்லை. செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுபடும். 1912இல் லூயி கமில் மயார் விவரித்த வினை, சீனியும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் அந்த வினை, அப்போதுதான் நடக்கிறது. பச்சை மல்லியில் இல்லாத புதிய மணங்கள் டசின் கணக்கில் பிறக்கும். வெந்தயத்தின் மணத்துக்குப் பிரதான காரணம் சொட்டொலோன் என்ற பொருள். காற்றில் மிக நுண்ணிய அளவு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ரொறன்ரோவில் தூள் வறுத்த வீடு எது என்று மாடிக் கட்டடம் முழுவதும் அறிவதற்குப் பொறுப்பாளிகளில் அதுவும் ஒன்று.

மற்றப் புலன்களின் செய்தி, மூளையில் தலாமசு என்ற நிலையத்தைக் கடந்தே மேலே போகும். மணத்தின் பாதை அந்த நிலையத்தில் நில்லாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளுக்கு நேரே போகிறது. கொவிட் தொற்றில் மணம் போனவர்கள் பலர் சாப்பாட்டை மட்டும் இழக்கவில்லை, வீடு வீடாக இல்லை என்றும் சொன்னார்கள்.

காதையும் கண்ணையும் சுருக்கமாகச் சொல்லலாம். புழுக்கொடியலைக் கடிக்கும்போது எழும் சத்தம் காற்றால் மட்டுமல்லாமல் தாடை எலும்பாலும் காதுக்கு வருகிறது. ஒக்ஸ்பர்ட்டில் சம்பினியும் சார்ள்ஸ் ஸ்பென்சும் உருளைக்கிழங்குச் சீவல் கடிப்பவர்களின் சத்தத்தை ஒலிவாங்கியில் பிடித்து, உயர் சுருதியைக் கூட்டி அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே சீவல் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாகக் கடித்தவர்கள் சொன்னார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வுக்கு 2008இல் இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசு கிடைத்தது. கார்த்திகை மழையில் நமத்த அப்பளம் ஏன் வெறுப்பாக இருக்கிறது என்பதற்கும் அதுவே பதில்: சுவை மாறவில்லை, சத்தம் போய்விட்டது. கண் இன்னும் மோசம். 2001இல் பிரான்சின் போர்தோவில் வைன் படித்த 54 மாணவரிடம், மணமற்ற சிவப்பு நிறம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குரிய சொற்களால் அதன் மணத்தை அவர்கள் வர்ணித்தார்கள். சிவந்த கூழைக் கண்டதும் வாய் உறைப்புக்குத் தயாராவதை யாரும் பிழை சொல்ல முடியாது.

தோலுக்கும் பங்குண்டு. பனையோலையில் மடித்த பிளாவில் கூழ் வார்த்தால், உதட்டில் ஓலையின் விளிம்பு படும், கைக்கு வெப்பம் தெரியும், சூடு பட்ட ஓலையின் மணம் முதலில் மூக்குக்கு வரும். வெள்ளிக் கரண்டியால் பீங்கானில் குடிப்பது அதே கூழ் அல்ல. இதைப் பழமைப் பற்று என்று ஒதுக்குபவர்கள் முதலில் மூக்கைக் கேட்கட்டும்.

கூழ் ஒருவருக்காகக் காய்ச்சுவதில்லை. பானையைச் சுற்றி இருந்து குடிப்பார்கள். 2014இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், இருவர் பேசாமலே ஒரே நேரத்தில் சொக்கலேற்றுச் சுவைத்தபோது, தனியே வேறு வேலை செய்பவரின் பக்கத்தில் இருந்து சுவைத்ததைவிட அது நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கைக்கும் சொக்கலேற்றைக் கொடுத்தபோது அதன் கெட்ட சுவையும் கூடியது. கூட்டம் சுவையை இனிப்பாக்குவதில்லை, அழுத்தமாக்குகிறது. உப்புக் கூடிய கூழைக் கூட்டமாகத் திட்டும்போது சுகமாக இருப்பதும் அதில் அடங்கும் போல.

கனடாவிலோ பிரான்சிலோ பிறந்த பிள்ளை பானையைத் திறந்ததும் ஓடினால் தாத்தா பாட்டிக்கு மனம் நோகும். பிள்ளை மேல் குற்றமில்லை. ஜூலி மெனெல்லாவின் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால்கொடுக்கும் காலத்திலோ கரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கரட் கலந்த உணவை மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். கருவறை நீரிலும் தாய்ப்பாலிலும் ஊரின் மணங்கள் கசிகின்றன. புத்தூரில் பிறந்தவர் வறுத்த தூளையும் மீனையும் பல் முளைக்கும் முன்னமே அறிந்தவர். தாய் பாணும் வெண்ணெயும் தின்று பெற்ற பிள்ளைக்கு அந்த முன்னறிமுகம் இல்லை. ஆனால் கதவு சாத்தப்படுவதில்லை. சிறு பிள்ளைகள் புதிய உணவொன்றை ஏற்க எட்டு, பத்து, சிலவேளை அதற்கும் மேற்பட்ட தடவை அதைச் சுவைக்க வேண்டியிருக்கும் என்பதை லீன் பேர்ச் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டின. வற்புறுத்தினால் பலன் எதிர்மாறாகும். ஆகவே முதல் நாள் ஒரு பிளாக் கூழை நீட்ட வேண்டாம். உறைப்பைக் குறைத்து, மாவை நன்றாக ஊறவைத்து வடித்து, பானைக்குள்ளிருந்து ஒரு நண்டுக்காலை எடுத்துக் கொடுக்கலாம். கூழ் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.